கரையான் தின்ற இடத்தில் மணி

எங்கள் மடத்துத் தலைவரும் செயலாளரும் என் கையெழுத்தைக் கேட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அதுவரை அவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் பூசைக்கு எத்தனை படி அரிசி ஊறப்போடலாம் என்பதுதான். மட்டாஞ்சேரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, சாயா வரும்வரை மழையைப் பற்றியே பேசினார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

பெரிய புஸ்தகத்தை அச்சடிக்கப் போகிறார்களாம். அட்டையில் ‘ஓர் எழுத்தும் மாறாத மூலம்’ என்று போட வேண்டுமாம். அதற்குக் கீழே, ஒத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று என் கையெழுத்து.

பெரிய புஸ்தகம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சனங்கள் நகரசபை வேலைக்காகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். தெரு கூட்டினார்கள், சாக்கடை அள்ளினார்கள், தண்ணீர் இறைத்தார்கள். வரும்போது கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு புத்தகமும் வந்தது. ஒரு குருவும் சீடனும் பேசிக்கொள்கிற பாட்டுகள். உடம்பு எது, உயிர் எது, செத்த பிறகு மிச்சம் எது என்று சீடன் கேட்டுக்கொண்டே இருப்பான், குரு சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடி மாதத்தை இங்கே கர்க்கடகம் என்போம். அந்த மாதத்தில் ஒன்பது நாள் மடத்தில் விளக்கேற்றி அதை வாசிப்போம். ஒன்பது நாளுக்கு ஒன்பது பகுதி. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு உரியது. ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கு.

அப்பா வாசித்தார். பிறகு அண்ணன் வாசித்தார். போன வருடம் கர்க்கடகத்துக்குச் சற்று முன்பு அண்ணன் இறந்துபோனார். அந்த வருடம் தலைவரே எங்கள் பகுதியை வாசித்து ஒப்பேற்றினார். அண்ணன் மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்குத் தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. அடுத்தடுத்து இரண்டு வருடம் ஒரு வீட்டிலிருந்து வாசிக்க ஆள் வராவிட்டால் அந்த நாள் அந்த வீட்டைவிட்டுப் போய்விடும். இது எங்கள் வழக்கம். ஆக, இந்த வருடம் நான் வாசிக்காவிட்டால் ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கு இல்லை. தலைவர் வீட்டுக்குப் போகும். அவருக்கு ஒரு மருமகன் தயாராக இருந்தார்.

எனக்கு அந்தப் பகுதி முழுவதும் மனப்பாடம். தமிழும் வாசிப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை தமிழ் வகுப்பு இருந்தது. இந்த இரண்டும் கமிட்டிக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்டது கையெழுத்தை மட்டும்தான்.

தலைவர் அம்மா வழியில் எனக்கு மாமா முறை. பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டாரை நிறுத்தி ஓட விடுகிற மாதிரியே மனிதர்களையும் நிறுத்தி ஓட விடுவார்.

“கோர்ட்டுல இத்தன வருஷம் நகல் பார்த்தவ நீ. நீ ஒப்பு போட்டுத் தந்தா பின்னே ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான், மோளே” என்றார்.

“எதோட ஒத்துப் பார்த்து ஒப்பு போடணும், மாமா?”

“எதோடன்னா? புஸ்தகத்தோடதான்.”

“அச்சுல வரப்போறது மடத்துப் புஸ்தகத்துல இருந்து. அது சரி. மடத்துப் புஸ்தகம் எதுல இருந்து எடுத்தது?”

“அதுக்கு முந்தின புஸ்தகத்துல இருந்து.”

“அது எங்க?”

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் காயல் இருந்தது.

எங்கள் வழக்கம் இதுதான். புத்தகம் பழசாகிவிட்டால், ஈரத்தில் ஊறிவிட்டால், ஒருவர் குளித்து விரதமிருந்து புதிதாக ஒன்று எழுதுவார். எழுதி முடித்த அன்றைக்கே பழையதைப் பட்டுத்துணியில் சுற்றி, படகுத்துறைக்கு எடுத்துப்போய்க் காயலில் விட்டுவிடுவார்கள். உயிர் புதிய உடம்புக்கு வந்தாயிற்று, பழைய உடம்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். நடப்பது என்னவென்றால், நகலைச் சரிபார்க்க ஒரே ஒரு சாட்சி இருக்கிறது, அந்தச் சாட்சியைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு வந்து, ஓர் எழுத்தும் மாறவில்லை என்று சத்தியம் செய்கிறோம்.

நான் எர்ணாகுளத்தில் கோர்ட்டின் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே என் வேலை ஒத்துப் பார்ப்பது. ஒருவர் நகலை உரக்க வாசிப்பார், நான் அசலில் விரலை ஓட்டிக்கொண்டே போவேன். தினமும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். படித்தவன் எழுதினாலும் தப்பு வரும், பக்திமான் எழுதினாலும் தப்பு வரும். ஒரு வரியில் ‘மேற்படி மனுதாரர்’ என்று இருக்கும், மூன்று வரி தள்ளி மறுபடி ‘மேற்படி மனுதாரர்’ என்று இருக்கும். எழுதுகிறவன் கண் முதலாவதில் கிளம்பி இரண்டாவதில் இறங்கும். நடுவில் மூன்று வரி காணாமல் போகும். ஒரு தோட்டமே காணாமல் போயிருக்கிறது அப்படி. மத்தியானம் சாப்பிட்ட பிறகு எழுதினால் ஒரே வரி இரண்டு தடவை வரும். யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முட்டாள் எழுதினால் எனக்குக் கவலை இல்லை. அவன் அசலில் தப்பு இருந்தால் தப்பை அப்படியே எழுதுவான். புத்திசாலிதான் ஆபத்து. அவன் திருத்துவான். இது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தானே முடிவு பண்ணி, அழகான கையெழுத்தில் பொய்யை எழுதி வைப்பான். படித்தால் சரியாகவே இருக்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கோர்ட்டுக் காகிதத்துக்கே இந்தக் கதி. அதுவும் அசல் அலமாரியில் இருக்கும்போது. ஓலையிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து காகிதத்துக்கு, ஒத்துப் பார்க்க ஆளில்லாமல், பாதி விளங்காத பாஷையில், கண் தெரியாத வயசில் உட்கார்ந்து எழுதியதில் ஓர் எழுத்து மாறவில்லையாம். எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை, எல்லா மதத்துக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். என் போனில் தினமும் காலையில் யாராவது ஒருவர் நெற்றியில் பூசிக்கொண்டோ தொப்பி போட்டுக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ வந்து, எங்களுடையது மட்டும் அப்படியே இருக்கிறது, மற்றவர்களுடையது கெட்டுப்போய்விட்டது என்கிறார். எதைக் கையில் வைத்துப் பார்த்தாய் என்று ஒருவரும் அவரைக் கேட்பதில்லை.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தவர்கள் இருந்தார்கள். இதே மட்டாஞ்சேரியில் யூதர்கள் இருந்தார்கள். அவர்கள் சுருளில் ஓர் எழுத்து பிசகினால் அதைத் திருத்தும்வரை வாசிப்புக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். எழுத்தை எண்ணிப் பார்க்கிறவன் மனுஷனை நம்பாதவன். தப்பு வரும் என்று பயந்தவர்கள்தான் ஓரளவுக்காவது சரியாக எழுதினார்கள். எங்களுக்கு அந்தப் பயமே கிடையாது.

இதையெல்லாம் அன்றைக்கு நான் அவர்களிடம் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னேன்.

“ஒத்துப் பார்த்துத் தாரேன். ஒன்பதாம் நாள் நான் வாசிக்கிறேன்.”

செயலாளர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் நாற்பது வயசுக்காரர், மட்டாஞ்சேரியில் போட்டோஸ்டாட் கடையும் டிடிபியும் வைத்திருக்கிறார். “சேச்சி, எனக்கு ஒரு விரோதமும் இல்ல. ஆனா புஸ்தகத்துலயே இருக்கே” என்றார்.

இருக்கிறது. ஏழாம் பகுதியின் முடிவில், குரு மூச்சைப் பற்றிச் சொல்லி முடித்த பாட்டுக்குப் பிறகு, ஒரு வரி வருகிறது. ‘பெண்டு பிள்ளைகள் கைபடாமல் வைக்கவும்.’ அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் பாட்டு. இது மட்டும் பாட்டு இல்லை. கடைச் சீட்டில் எழுதுகிற மாதிரி ஒரு வரி. ஆனாலும் எங்கள் ஆட்கள் அதையும் ராகம் போட்டுத்தான் பாடுவார்கள். ‘வைக்கவும்’ என்பதை இழுத்து இழுத்து, மற்றப் பாட்டின் நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கள் மடத்தில் எந்தப் பெண்ணும் புத்தகத்தைத் தொட்டதில்லை.

“பிள்ளைகள்னும் இருக்கு. உங்க பேரன் தொட்டு விளையாடுறானே” என்றேன் மாமாவிடம்.

“அவன் ஆம்பளப் பிள்ள.”

“புஸ்தகம் அப்படிப் பிரிச்சுச் சொல்லலையே.”

“தர்க்கம் வேண்டாம் மோளே. குரு சொன்னத நானா மாத்துறது? ஓர் எழுத்து மாத்தினா பாவம்” என்று எழுந்தார்.

அவர்கள் போனபிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. இப்போது மடத்தில் இருக்கும் புத்தகம், எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன் தம்பி வீட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. இது தலைவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் மூத்தவன் புதிதாக எழுதினான், மடத்துக்கு எழுதியது அதைப் பார்த்துத்தான். பழையது அவர்கள் அப்பா கையால் எழுதியது. அதைக் காயலில் விடப் போகும்போது இளையவன் மறித்துக்கொண்டான். வீட்டைப் பிரிப்பதில் ஏற்கெனவே அடிதடி. புதியது உனக்கு என்றால் பழையது எனக்கு, அப்பா கையெழுத்தை நீ எப்படித் தண்ணீரில் விடுவாய் என்று பிடுங்கிக்கொண்டு, களமசேரியில் ஃபாக்டரி வேலைக்குப் போனபோது கூடவே கொண்டுபோய்விட்டான். தெருவே அவனைத் திட்டியது. நானும் சின்ன வயசில் அதைக் கேட்டிருக்கிறேன். பக்தி மூழ்கடித்திருக்கும், பங்காளிச் சண்டை காப்பாற்றிவிட்டது.

அண்ணன் தம்பி இருவரும் இப்போது இல்லை. களமசேரி வீட்டில் இளையவனின் மருமகள் இருக்கிறாள். என் வயசுதான் இருக்கும். போன் செய்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

“அது இருக்கு சேச்சி. மாமனார் சாகும்போதும் தரக் கூடாதுன்னு சொன்னாரு. ஆருக்குன்னு சொல்லல” என்று பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே பாச்சா உருண்டைகளோடு ஒரு தடித்த நோட்டு. கட்டைப் பேனாவால் எழுதிய கறுப்பு மை.

ஒத்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் செயலாளர், இளம்பிள்ளைகள் வாசிப்பதற்காக மடத்துப் புத்தகத்தை மலையாள எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார். அதை நான் எடுத்துப் போயிருந்தேன். அவள் அதை வாசிப்பது, நான் நோட்டில் விரலை ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

“எனக்கு இதோட அர்த்தம் ஒண்ணும் தெரியாதே சேச்சி.”

“அதுதான் நல்லது. அர்த்தம் தெரிஞ்சவங்க மனசுல இருக்கறத வாசிப்பாங்க.”

“அப்ப மடத்துல வாசிக்கறவங்கெல்லாம் நல்லா வாசிப்பாங்கன்னு சொல்லுங்க” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஐந்து நாள் போய்வந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில், ஒரு பக்கம் கப்பைக்கிழங்கு வெந்துகொண்டிருக்க, வரி வரியாகப் பார்த்தோம். சின்னச் சின்ன வித்தியாசங்கள் நூற்றுக்கு மேல். அவற்றை விடுகிறேன்.

நாலாம் பகுதியில் ஓர் இடம் உண்டு. சீடன், நீங்கள் கண்டது என்ன என்று கேட்பான். குரு பதில் சொல்ல ஆரம்பித்து ஒன்றரை வரியில் நிறுத்திவிடுவார். மடத்தில் அந்த இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்தி மணி அடிப்பார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சொல்லில் அடங்காததைக் குரு மௌனத்தால் சொல்கிறார் என்று அர்த்தம். பாலக்காட்டிலிருந்து சொற்பொழிவுக்காரர் ஒருவர் வந்து அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறார். நானும் கண்ணை மூடி, ஏதோ தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நோட்டில் அந்த இடத்தில் கரையான் அரித்த ஓட்டை. சுண்டுவிரல் நுழையும். ஓட்டையின் விளிம்பில் எழுத்துகளின் தலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. குரு பேசாமல் இல்லை. நன்றாகப் பேசியிருக்கிறார். அதைக் கரையான் தின்றுவிட்டது. பார்த்து எழுதிய மூத்தவன் இடம் விட்டு எழுதியிருப்பான், அதைப் பார்த்து மடத்துக்கு எழுதியவன் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பான், அதை வாசித்தவன் மணியைக் கொண்டுவந்திருப்பான். குரு என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. மடத்துப் புத்தகம் இந்த நோட்டின் வழியில் வந்ததுதான்.

நாலாம் நாள் ஏழாம் பகுதியின் முடிவுக்கு வந்தோம். அவள் “பெண்டு பிள்ளைகள் கைபடாமல் வைக்கவும்” என்று வாசித்தாள். என் விரல் நின்றது. பாட்டு பக்கத்தின் பாதியிலேயே முடிந்திருந்தது. அதற்குக் கீழே காலி. பக்கத்தின் அடியில், வேறு அளவில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதன் முதல் பாதிமேல் யாரோ ஈர மையில் விரலை வைத்து இழுத்திருந்தார்கள். சின்ன விரல். நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தீற்றலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது.

‘மை ஈரம் ஆறவில்லை. ஆறும்வரை பெண்டு பிள்ளைகள் கைபடாமல் வைக்கவும்.’

எழுதிய மனுஷன் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர்களுக்கு எழுதி வைத்தது. கூட்டுக் குடும்பம், சின்ன வீடு, மழைக்காலமாக இருந்திருக்கும். சொன்னதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, ஏதோ ஒரு குழந்தை தொட்டுவிட்டது. அது தொட்டதால் முதல் பாதி அழிந்தது. மூத்த மகன் தெரிந்த பாதியை மட்டும் பார்த்து எழுதினான், பாட்டோடு சேர்த்து எழுதினான். அந்த மை ஈரத்துக்காக எங்கள் அம்மா வாசிக்கவில்லை, அத்தைகள் வாசிக்கவில்லை.

களமசேரிக்காரிக்கு விளக்கினேன். அவள் நோட்டை வாங்கித் தீற்றலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “இன்னும் ஆறல போல” என்றாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நல்லது. ஆனால் ஒத்துப் பார்க்கிறவள் கடைசிப் பக்கம் வரை போக வேண்டும். ஐந்தாம் நாள் எட்டாம் பகுதி முடிந்தது. அடியில் ‘முற்றிற்று’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பினேன். காலி. அடுத்ததும் காலி. பத்துப் பன்னிரண்டு தாள்கள் எழுதாமல் கிடந்தன. எதுவும் கிழிக்கப்படவில்லை, தையல் கெட்டியாக இருந்தது.

ஒன்பதாம் பகுதி இல்லை. எங்கள் வீட்டுப் பகுதி, பதினான்கு பாட்டு, நான் வாசிக்க வேண்டும் என்று ஐந்து நாள் பஸ் ஏறிய பகுதி, அந்த நோட்டில் இல்லவே இல்லை.

களமசேரிக்காரி இன்னும் மலையாளத் தாளைப் பிடித்துக்கொண்டு, “வாசிக்கட்டா?” என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பதினான்கு பாட்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் எட்டுப் பகுதிகளில் ஏரி வருகிறது, வயல் வருகிறது, மாடு வருகிறது. ஒன்பதாவதில் மட்டும் உயிர், கடல் ஏறுகிற வேலியேற்றத்தில் வந்து, இறங்குகிற வேலியிறக்கத்தில் போகிற படகு. உடம்பு உப்புத்தண்ணீரில் நிற்கிற மரத்தூண். இது கொச்சியில் உட்கார்ந்து யாரோ கட்டியது. கடல் ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்தவர்கள் யாரோ. எங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம், அதனால்தான் அந்த நாள் எங்களுக்கு வந்திருக்கும். ஊரார் நகல்களில் தப்பு கண்டுபிடித்தே பிழைத்தவள் நான். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு. ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நோட்டை வாசித்தது நான் ஒருத்திதான். கமிட்டியில் யாரும் களமசேரிக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வேண்டிய தப்பைக் காட்டி, வேண்டாத தப்பை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் நான் யார்? அந்தப் புத்திசாலி நகலெழுத்தன்தான்.

மடத்தில் கூட்டம் போட்டார்கள். களமசேரிக்காரியிடம் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய நோட்டை நான் கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரையான் ஓட்டையை, மையை, பதினான்கு பாட்டை. ஓட்டையைக் காட்டியபோது இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களை முறைத்தார்கள். செயலாளர் நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்து, “இருக்கு, மைன்னுதான் இருக்கு” என்றார். நல்ல பையன். ஆனால் சொல்லிவிட்டுத் தலைவர் முகத்தைப் பார்த்தார்.

மாமா நிதானமாகக் கேட்டார். “கைபடாமல் வைக்கவும்னு பழைய நோட்டுலயும் இருக்குதானே?”

“இருக்கு. ஆனா எதுக்குன்னு...”

“இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“ஒன்பதாம் பகுதி இருக்கா?”

“இல்ல.”

“அவ்வளவுதான். பழசுல இருக்கறது இருக்கும். பழசுல இல்லாதது எடுத்தாச்சு. நீயே ஒத்துப் பார்த்துச் சொன்னது.”

“மாமா, மை ஆறலன்னு எழுதியிருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“அந்தப் பக்கம் தீற்றிக் கிடக்கு. எனக்குத் தெளிவில்ல.”

“மணி அடிக்கறது?”

“அது எத்தனையோ காலமா அடிக்கறது. அத ஏன் நிறுத்தணும்?”

பதினான்கு பாட்டும் அதே எத்தனையோ காலமாகத்தான் பாடப்படுகின்றன என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. கரையானுக்குக் கிடைத்த மரியாதை எங்கள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கடைசியாக ஒருவர், வழக்கப்படி அந்தப் பழைய நோட்டைக் காயலில் விட்டுவிட வேண்டும், இத்தனை நாள் வைத்திருந்ததே தோஷம் என்றார். நான் நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஏறிக் களமசேரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிஸ்கட் டப்பாவை நானே மூடினேன்.

கர்க்கடகம் வந்தது. எட்டு நாள் வாசிப்பு நடந்தது. ஒன்பதாம் நாள் வாசிப்பு இல்லை, விளக்கும் சாப்பாடும் மட்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். நான் போக வேண்டாம் என்றிருந்தேன். தலைவரின் மனைவி, எனக்கு மாமி, ஆள் அனுப்பிவிட்டாள். சேனை நறுக்க ஆள் போதவில்லையாம். அவளிடம் எனக்குச் சண்டை இல்லை. போனேன்.

காலை பத்து மணி. வழக்கமாக எங்கள் பகுதி ஆரம்பிக்கிற நேரம். கூடத்தில் ஆண்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், புத்தகம் பட்டில் சுற்றி வைத்திருந்தது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர். மாமி சேனையைத் தோல் சீவிக்கொண்டே முதல் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்காக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் கூடத்திலிருந்து கேட்டு, கூடவே முணுமுணுத்துப் பழகிய வாய். கேட்கவில்லை என்றதும் தானாக வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லோரும்.

மாமா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். “புஸ்தகம் மூடியாச்சு” என்றார்.

“மூடியே இருக்கட்டும். இங்க ஆரு தொட்டா?” என்றாள் மாமி. கையிலிருந்த சேனையைக் காட்டினாள்.

அவர் போய்விட்டார்.

எனக்கு வேண்டியது இது இல்லை. விளக்குக்கு முன்னால், அப்பா உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்து வாசிக்க ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை, இனி நடக்காது. அடுத்த மாதம் அச்சில் வந்த புத்தகத்தில் எட்டுப் பகுதிதான். அட்டையில் ஓர் எழுத்தும் மாறாத மூலம் என்றே போட்டிருக்கிறார்கள். வித்தியாசங்களை எழுதி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏழு பக்கத்தைக் காணோம்.

அச்சு வந்ததும் மடத்துப் புத்தகமும் காயலுக்குப் போகும், அந்தப் பதினான்கு பாட்டு தமிழ் எழுத்தில் எங்கும் இருக்காது என்பது அன்றைக்குச் சமையல்கட்டில்தான் எனக்கு உறைத்தது. பருப்பு வாங்கிய பில் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். போதவில்லை, யாரோ காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஆறாம் பாட்டில் தகராறு வந்தது. மாமி ‘கரை தேடும் படகு’ என்றாள். பக்கத்தில் இருந்தவள் ‘கரை காணாப் படகு’ என்றாள். எனக்குப் பாடமான விதம் மாமி சொன்னது.

“நான் அம்பது வருஷமா கேக்கறேன்” என்றாள் மாமி.

“நான் மட்டும் நேத்தா கேட்டேன்?” என்றாள் மற்றவள். இரண்டு பேரும் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். “கோர்ட்டுக்காரி சொல்லட்டும். எது சரி?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ‘கரை தேடும்’ என்று எழுதி, பக்கத்தில் ‘கரை காணா’ என்றும் எழுதி, யார் யார் எதைச் சொன்னார்கள் என்று இருவர் பெயரையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. தன் பெயரை முதலில் எழுதச் சொன்னாள். எழுதினேன். பிறகு ஏழாம் பாட்டைச் சொல்லுங்கள் என்றேன்.